மேற்கு மாந்தோப்பில் தேடிய ஆடு

எங்கள் கம்பெனியில் சனிக்கிழமை முதல் ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும். வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாவற்றையும் துடைத்து, எண் பார்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பாகலூர் வழியாகப் போகும் பேரிகை பஸ் கிடைக்கும். என்னுடன் அறையில் தங்கியிருந்த தோழியும் வருவாள். இருவரும் பாலிடெக்னிக் முடித்தவர்கள். ஒரே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு, எதிரெதிர் மேசை. அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் விடுமுறையில் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது என்பதால் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். நாலைந்து தடவைக்குப் பிறகு, நான் போகாவிட்டாலும் அவள் மட்டும் போவாள் என்று ஆகிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

பேரிகையில் இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் வீடு. ஊருக்குள் இல்லை, நிலத்திலேயே இருந்தது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. அண்ணன் டெம்போ ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். நிலத்தில் ஒரு பாதி மல்பெரி, மறு பாதி ராகி, ராகிக்கு நடுவே அவரை. வீட்டை ஒட்டிப் பட்டுப்புழு வளர்க்கும் அறை.

என் பையில் போகும் பொருட்கள் அநேகமாக மாறாது. அம்மாவுக்கு வெற்றிலை, அப்பாவுக்கு ஒரு வாரத்துப் பழைய செய்தித்தாள், அண்ணிக்கு ஊசி நூல் ஏதாவது, எல்லோருக்கும் சேர்த்து ஒரு ரொட்டி. திரும்பி வருபவையும் அப்படித்தான். ராகி மாவு, அவரைக்காய், எலுமிச்சை, தோழியின் சுடிதாரில் ஆட்டு வாடை.

மார்கழியில் எங்கள் பக்கம் காலை எட்டு மணி வரை பனி விலகாது. வெந்நீர் அடுப்பின் முன்னால் மூன்று பேர் வசதியாக உட்காரலாம். நாங்கள் ஐந்து பேர் உட்காருவோம். அதில் ஒன்று ஆடு. குளிரைப் பற்றித் தோழி வாராவாரம் அதே ஆச்சரியத்தோடு பேசுவாள்.

"எங்க ஊர்ல இந்தக் குளிருக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க, தெரியுமா?" என்பாள்.

"எங்க ஊர்ல இதுக்கு கோலம் போடுவாங்க. எழுந்து போடு" என்பாள் அண்ணி.

பனி விலகியதும் பிதுக்குப் பருப்பு. முதல் நாள் ஊறவைத்த அவரைக்கொட்டையை இரண்டு விரல் நடுவே வைத்து அழுத்தினால் தோல் விரலில் நிற்கும், பருப்பு பறக்கும். பாத்திரத்தைப் பார்த்துப் பறக்க வைப்பதில்தான் பழக்கம் இருக்கிறது. அண்ணியுடையது பத்தில் பத்தும் பாத்திரத்தில் விழும். என்னுடையது எட்டு. தோழியுடையது எங்கே விழும் என்று ஆடுகள் அறிந்து வைத்திருந்தன. அவள் உட்காரும் பக்கம்தான் அவை நிற்கும். அந்தப் பருப்பில் குழம்பும், ராகிக் களியும் மதியத்துக்கு. களியைத் தோழி முதல் வாரம் மென்று தின்றாள்.

"மெல்லாத தாயி. உருட்டி, தொட்டு, முழுங்கு" என்றாள் அம்மா.

"அப்போ பல்லு எதுக்கும்மா இருக்கு?"

"அது கறிக்கு."

ஆடுகளை வைத்திருந்தது அண்ணி. அவளுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத் தாய் வீட்டுக்குப் போனவள், திரும்பும்போது ஒரு பெட்டைக் குட்டியை மடியில் வைத்து முந்தானையால் மூடிப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். மடியில் என்ன என்று கண்டக்டர் கேட்டபோது, "கொழந்தைங்க" என்றாளாம். குழந்தை உடனே கத்தியதாம். கருப்பு உடம்பில் ஒரு காது மட்டும் வெள்ளையாக இருந்ததால் அதை வெள்ளைக்காது என்று கூப்பிட்டோம். பிறகு அண்ணன் டெம்போவில் இரண்டு கிடாக்குட்டிகள் வந்தன. எங்கள் வீட்டில் எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆடுகள் மட்டும் அண்ணியுடையவை. அவை கத்தினால் மற்றவர்கள் அண்ணியைக் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் வெளியே தெரியும்.

அப்பாவுக்கு ஆடு ஆகாது. காரணம் மல்பெரி. அந்த இலை பட்டுப்புழுவுக்கு. ஆட்டுக்கு அது தெரியாது. புரட்டாசியில் ஒருநாள், புழு பெருந்தீனி எடுக்கிற சமயம், வெள்ளைக்காது பட்டியை விட்டு வெளியே வந்து இரண்டு வரிசை மல்பெரியை மொட்டையடித்துவிட்டது. அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அண்ணியிடம் சொன்னார்.

"இது சினையா இருக்குது. அதனால சொல்றேன். மொத ஈத்து வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இன்னொரு தரம் வெளிய போச்சுன்னா, மூணையும் ஏவாரிகிட்ட புடிச்சு குடுத்துருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"சரிங்க மாமா" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து பட்டிக் கதவின் கயிற்றை அவளே கட்டினாள், அவளே அவிழ்த்தாள். கதவு என்றால் மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய தட்டிதான். அந்தக் கயிறுதான் பூட்டு.

நான் சொல்லவந்த ஞாயிற்றுக்கிழமை, ராகி அரைக்க அண்ணி பேரிகை மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளைக்காதின் மடி இறங்கியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்ற நிலை. போகவே மனமில்லாமல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோழியிடம் சொன்னாள்.

"நீ பக்கத்துல இரும்மா. எல ஒடிச்சுப் போடு. உள்ள போயிட்டு வந்தா கயிறு மட்டும் நல்லா கட்டு."

"நீங்க போங்கக்கா. நாங்க மெஷின் பார்ட்டுக்கே காவல் இருக்கிறவங்க."

அப்பா பக்கத்து ஊரில் ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். அம்மா புழு அறையில். தீனி போடும் நேரத்தில் அந்த அறையை விட்டு அவள் வரமாட்டாள். நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தோழி பட்டிக்குள் போய் வெள்ளைக்காதிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, வெளியே வந்து, கயிற்றைக் கட்டினாள். ஷூவுக்குக் கட்டுவது போல, இரண்டு காது வைத்த முடிச்சு. தினமும் கம்பெனியில் சேஃப்டி ஷூவுக்குப் போடுகிற முடிச்சு. அது காலில் அவிழாது என்பது உண்மைதான். ஷூ லேஸை எந்த ஆடும் கடித்து இழுப்பதில்லை.

துணி காயப்போட வந்தபோது தட்டி திறந்து கிடந்தது. கிடாக்குட்டிகள் இரண்டும் முளையில் கட்டியிருந்ததால் அப்படியே நின்றன. சினை ஆடு என்று வெள்ளைக்காதை மட்டும் கட்டுவதில்லை. அது இல்லை.

தோழிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எம்மா, நான்தான்டி" என்றாள்.

"அப்புறம் பாத்துக்கலாம். அப்பாவும் அண்ணியும் வர்றதுக்குள்ள தேடணும். நான் மல்பெரி, நீ வண்டிப்பாதை" என்றேன்.

மல்பெரியில் வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஒரு இலைகூடக் கடிபடவில்லை. அது ஒரு நிம்மதி. கடைசி வரிசையில் இருந்தபோது வண்டிப்பாதையிலிருந்து தோழி ஓடிவந்தாள். அழுத கண், சிரித்த வாய்.

"தெரிஞ்சுட்டு! மேக்க மாந்தோப்புல இருக்காம்!"

"யார் சொன்னது?"

"ஒரு அக்கா. தலையில புல்லுக்கட்டு, ரெண்டு கையும் மேல. ஆட்டைப் பாத்தீங்களான்னு கேட்டேன். தெலுங்குலதான் சொன்னாங்க. ஆனா எனக்கு அப்படியே புரிஞ்சுட்டுடி! ஒரு வார்த்தை விடாம!"

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். எங்களுக்குக் கிழக்கே இருந்த தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அந்த வருடம்தான் குடும்பத்தோடு ஆந்திராவின் குப்பம் பக்கத்திலிருந்து வந்திருந்தவர். தமிழ் இன்னும் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் வேண்டியபடி மாற்றிப் பேசுவோம் என்பதால் அவருக்கு எங்களோடு சிரமம் இல்லை. தோழி மட்டும்தான் ஒரே மொழிக்காரி.

கம்பெனி மேசையில் யாராவது 'பீஸ் சரியா இருக்கு' என்று சொன்னால் நான் விடமாட்டேன். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பேன். அன்றைக்கு அந்தப் பெண் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மேற்கே ஒரு மைலில் மாந்தோப்பு இருந்தது. அது போதுமாக இருந்தது. ஓடினோம்.

மாமரங்கள் பூத்திருந்தன. தோப்பு முழுக்கப் பூ வாசமும் தேனீச் சத்தமும். காய்ப்புக் காலம் இல்லையென்பதால் காவலுக்கு ஆள் இல்லை. நான் தோப்பை வரிசைகளாகப் பிரித்தேன். ஒற்றைப்படை வரிசை எனக்கு, இரட்டைப்படை வரிசை அவளுக்கு, வரிசை முடிந்ததும் சத்தம் கொடுக்க வேண்டும். ஐந்தாவது வரிசையில் புதுப் புழுக்கை கிடந்தது. "இருக்கு, இங்கதான் இருக்கு" என்று தோழி அதைப் பார்த்துக் கும்பிடாத குறைதான். அந்தப் பக்கம் எத்தனையோ பேர் ஆடு மேய்க்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

கடைசி மரங்களுக்கு அடியில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. நான் அவற்றின் வாயைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. திரும்பினால், அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈனுற நேரத்துல அதால ஓடக்கூட முடியாதுல்லா?" என்றாள்.

"தேடலாம் வா."

"உங்க அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பேன். ஒரு கதவு கட்டச் சொன்னாங்க. ஒரே ஒரு கதவு."

தோப்பை முடித்துக்கொண்டு அதற்கப்பால் இருந்த ஏரிக்கரைக்கு ஏறினோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கர்நாடகப் பக்கத்திலிருந்து வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் கன்னடக்காரர் என்பது மாட்டை அதட்டிய விதத்திலேயே தெரிந்தது. நான் கன்னடத்திலேயே கேட்டேன்.

"அண்ணா, மேக்கெ நோடித்ரா?"

"இல்லம்மா" என்றார் அவர்.

தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர்ட்ட எதுக்கு மேக்க எதுன்னு கேக்க? நாம மேக்கதானே நிக்கோம்?"

"நான் ஆட்டைக் கேட்டேன்."

"மேக்கன்னுல்லா கேட்ட?"

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கன்னடத்தில் ஆட்டுக்கு மேக்கெ. தெலுங்கில் மேக்க. அவள் ஊரில் மேற்குத் திசைக்கு மேக்க.

"அந்தப் புல்லுக்கட்டு அக்கா சொன்னதைத் தமிழ்ல சொல்லாத. அவங்க சொன்ன மாதிரியே சொல்லு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, தேர்வில் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "மேக்க... மா... தோட்டலோ உந்தி."

"'மா'ன்னா?"

"மாங்கா."

"தெலுங்குல 'மா'ன்னா 'எங்க'. 'ஆடு எங்க தோட்டத்துல இருக்கு'ன்னு சொல்லியிருக்காங்க."

அவள் ஒவ்வொரு விரலாக மடக்க ஆரம்பித்தாள்.

"அப்போ மேக்கயும் இல்ல."

"இல்ல."

"மாந்தோப்பும் இல்ல."

"இல்ல."

"கெழக்கயா?"

"கெழக்க. நம்ம வேலிக்கு அந்தாண்ட."

வண்டிக்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டுத்தான் வண்டியை ஓட்டினார். பாதி தூரம் வந்த பிறகுதான் தோழிக்கு மறுபடி பயம் வந்தது. இருக்கிற இடம் தெரிந்ததே தவிர, எப்படி இருக்கிறது என்று தெரியாது. தவிர, பட்டி காலியாக இருப்பதை இதற்குள் யாராவது பார்த்திருப்பார்கள்.

பார்த்திருந்தாள் அண்ணி. மில்லிலிருந்து வந்த மாவு மூட்டை வாசலிலேயே இருந்தது. அவள் பட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, காலையில் மீதி வைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு பாத்திரத்துக்கு வெளியே விழுந்துகொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை.

"வா பாப்பா" என்றாள் என்னிடம். பிறகு, தலை தூக்காமலே, "மாமா புடிச்சு குடுத்துட்டாரா?" என்று கேட்டாள்.

"யார் சொன்னது அண்ணி?"

"யாரும் சொல்லல. நான் அத்தைய கேக்கல. கயிறு அவுந்து கெடக்குது. ஆடு பண்ணியிருந்தா அறுந்து கெடக்கும். ஆளுதான் அவுத்திருக்கணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஈனட்டும்னு ரெண்டு நாள் பாத்திருக்கலாம். வேற ஒண்ணும் இல்ல."

"நான்தான்க்கா!" தோழி அவள் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் ஷூ முடிச்சு போட்டேன். அது கெழக்கத் தோட்டத்துல இருக்கு. நாங்க மேக்க தேடிட்டு வாரோம்."

அண்ணிக்கு அதில் ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. எழுந்து ஓடினாள். வேலிச் சந்தில் அவள் புகுந்து போன வேகத்தில் சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நின்று பார்க்கவில்லை.

கிழக்குத் தோட்டத்தின் மோட்டார் அறை வாசலில் அந்தப் பெண், நாய் வராமல் இருக்கக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே சாக்கின் மேல் வெள்ளைக்காது. பக்கத்தில் இரண்டு குட்டிகள். ஒன்று எழுந்து நின்று விழுந்துகொண்டிருந்தது. இன்னொன்று ஈரம் உலராமல் சுருண்டு கிடந்தது. அது பிறந்தபோது மூச்சு விடவில்லை என்றும், காலைப் பிடித்துத் தூக்கி, மூக்கைத் துடைத்து, சாக்கால் தேய்த்துக்கொண்டே இருந்ததில்தான் கத்தியது என்றும் அந்தப் பெண் சொன்னார். அண்ணி அதை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். இருவரும் தெலுங்கில் வேகமாகப் பேசினார்கள். திடீரென்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா சொல்லுதாங்க?" என்றாள் தோழி.

"ஆடு எங்க தோட்டத்துல இருக்குதுன்னு சொன்னாங்களாம். 'தேங்க்ஸ்க்கா'ன்னுட்டு அந்தப் பக்கமா பறந்துட்டியாம். பாவம், புத்தி சரியில்லாத பொண்ணு போலன்னு நெனச்சாங்களாம்."

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா வந்தார். துக்க வீட்டிலிருந்து குறுக்கு வழியில் திரும்பியவர், சத்தம் கேட்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார். எங்களைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். மோட்டார் அறையை ஒட்டிய சாமந்திப் பாத்தியில் ஒரு முழ நீளத்துக்குப் பூவே இல்லாமல் இருந்ததையும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி குட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா, ஆடு வெளிய போகல" என்றாள் தோழி. "நான்தான் வெளிய விட்டேன். எனக்குக் கட்டத் தெரியல."

அப்பா என்னைப் பார்த்து, "மல்பெரில வாய் வெச்சுதா?" என்றார்.

"இல்லப்பா. மொதல்ல அங்கதான் பாத்தேன். எல்லா வரிசையும். ஒரு எல இல்ல."

"இவங்க பூவுல வெச்சிருக்குதே."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது என்றாலும் அப்பா கை காட்டியது எதை என்று புரிந்தது. பிள்ளை பெறுகிறவள் இரண்டு பூ பறித்தால் யார் கேட்பார்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. குனிந்து, நின்று விழுந்துகொண்டிருந்த குட்டியைத் தூக்கினார். வெள்ளைச் சட்டையில் படாமல் கையை நீட்டிப் பிடித்து, அடியில் பார்த்தார். பிறகு அண்ணியின் மடியில் இருந்ததையும் பார்த்தார்.

"ரெண்டும் பொட்ட" என்றார்.

"ஆமாங்க மாமா."

குட்டி அவருடைய சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. அவர் அதை விலக்கவில்லை. கொஞ்ச நேரம் மேற்குப் பக்கம், எங்கள் மல்பெரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டுக்கு வேலி போட முடியாதும்மா. எத்தினி கதவு வெச்சாலும் அது வரும். மல்பெரிக்குத்தான் போடணும். முள்ளு வெட்டினு வரேன்."

"இன்னிக்கேவா மாமா?"

"பின்ன? மூணு இருந்தது அஞ்சாயிடுச்சே."

அண்ணி மடியில் இருந்த குட்டியை எடுத்து, அதன் வாயை வெள்ளைக்காதின் காம்பில் வைத்துவிட்டாள். இரண்டு தடவை முட்டிவிட்டு அது குடிக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் தன் சேலை எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று பார்த்தாள்.

குட்டிகள் குடித்தது போக மிச்சமிருந்த சீம்பாலை அம்மா வெல்லம் போட்டுக் கட்டியாகக் காய்ச்சி, முதல் கிண்ணத்தைக் கிழக்குத் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினாள். அப்பா வெட்டிப்போட்ட முள்ளை நாங்கள் மூன்று பேரும் இழுத்துக்கொண்டு வந்தோம். தோழி இழுத்து வந்த கிளையில் பாதி அவள் துப்பட்டாவில்தான் இருந்தது. மாலைப் பஸ் போய்விட்டது. காலை முதல் பஸ்ஸில் போனால் ஷிப்டுக்குச் சேரலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

மல்பெரியைச் சுற்றி முள் வைத்துக் கட்டி வர இருட்டத் தொடங்கிவிட்டது. கட்டியது எல்லாம் அண்ணிதான், வேறு யாரையும் விடவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் கையால் இழுத்துப் பார்த்து, மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள்.